ஊருக்குப் போகும் பையில் ஒரு ஹெட்போன்: குறைந்த விலையில் நிறைவான பேஸ்

ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று என்று சொன்ன அன்றைக்கே அக்கா மகனிடமிருந்து செய்தி வந்துவிடும். "மாமா, வரும்போது ஒரு ஹெட்செட் கொண்டு வாங்க. பேஸ் நல்லா இடிக்கணும்." நமக்கும் நீண்ட விமானப் பயணம் இருக்கிறது. இறங்கிய பிறகு இரவுப் பேருந்தோ ரயிலோ இருக்கிறது. வீடு நிறைய ஆட்கள் தூங்கும்போது தூக்கம் வராமல் கிடக்கும் முதல் இரண்டு இரவுகளும் இருக்கின்றன. ஆக, ஒன்றுக்கு இரண்டாக வாங்க வேண்டி வரும். இரண்டுமே அதிக விலையில் வாங்கக் கட்டுப்படியாகாது.

பல பயணங்களுக்கு வாங்கிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. பேஸின், அதாவது தாழ்ந்த, கனமான ஒலியின் பெரும்பகுதி, அந்தக் கருவி நம் காதை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதில் இருக்கிறது. உள்ளே இருந்து ஒலியை உண்டாக்கும் டிரைவர் எந்த வகை என்பது அதற்கு அடுத்துத்தான். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது டிரைவரைப் பற்றி மட்டுமே என்பதால், அதை நம்பி வாங்கி ஏமாறுகிறோம்.

பேஸ் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் இரண்டு இருக்கின்றன. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை கேட்கும். அதில் 20 முதல் 60 வரையிலான அடிப்பகுதி காதில் கேட்பதைவிட உடம்பில் அதிர்வாக உணரப்படும். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே ஏறத்தாழ 250 வரை வருவதுதான் தவிலின் கனமும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கும்காரமும், டிரம்மின் குத்தும். மலிவான கருவிகள் பல முதல் பகுதியைத் தர முடியாமல், 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டும் ஊதிப் பெருக்கிவிடுகின்றன. முதல் நிமிடத்தில் 'ஆகா, இடிக்கிறதே' என்று தோன்றும். பத்தாவது நிமிடத்தில் பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். நிறைவான பேஸ் என்றால், அடி ஆழமாக இறங்க வேண்டும், இறங்கிய வேகத்தில் நிற்கவும் வேண்டும், குரலின் மேல் ஏறி உட்காரக் கூடாது.

இப்போது விமானத்துக்கு வருவோம். கேபினுக்குள் இடைவிடாது ஓடும் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. நம் பேஸும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த உறுமல் பேஸை விழுங்கிவிடும். அதனால் வீட்டில் அருமையாக ஒலித்த ஹெட்போன் விமானத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது. உடனே கை ஒலியைக் கூட்டும், காதுக்குக் கேடு அங்கே தொடங்குகிறது. போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978 இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது இதே தொல்லையில் சிக்கி, விமானத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டதிலிருந்துதான் அவருடைய இரைச்சல் நீக்கும் ஹெட்போன் பிறந்தது. வெளி இரைச்சலை மைக்கில் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் அழிப்பது அதன் வேலை. இந்த நுட்பம் தாழ்ந்த ஒலிகளில்தான் மிக நன்றாக வேலை செய்யும். அதாவது, பேஸ் இருக்கும் இடத்தைத் துப்புரவு செய்து கொடுக்கிறது. குழந்தை அழுவதையும் பக்கத்து இருக்கைப் பேச்சையும் அது முழுதாக நிறுத்தாது. அவற்றைத் தடுப்பது காதை மூடும் மெத்தையும் இயர்போனின் ரப்பர் முனையும்தான்.

பறக்கும் நேரம் எட்டு மணிக்கு மேல் என்றால், உயர்ந்த டிரைவருக்குக் கொடுக்கும் காசை இரைச்சல் நீக்கத்துக்குக் கொடுங்கள் என்பேன். குறைந்த விலை வரிசையிலும் இது இப்போது கிடைக்கிறது. சோனியின் டபிள்யூஎச்-சிஎச்720என் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. காதை முழுதாக மூடும் வகை, எடை 192 கிராம்தான், ஒயர் போட்டும் கேட்கலாம். அதில் இருப்பது 30 மி.மீ. சாதாரண டைனமிக் டிரைவர்.

சரி, அந்த டிரைவர் வகைகள் என்ன? டைனமிக் என்பது வீட்டு ஸ்பீக்கரின் சிறிய வடிவம். காந்தம், அதற்குள் அசையும் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய சவ்வு. பாட்டின் மின்சாரம் சுருளில் ஓடும்போது அது முன்னும் பின்னும் நகர்ந்து சவ்வைத் தள்ளுகிறது, சவ்வு காற்றைத் தள்ளுகிறது. 1937 இல் ஜெர்மனியில் வெளிவந்த டிடி 48 ஹெட்போனிலும் இதுதான், இன்று பெட்டிக்கடையில் தொங்கும் இயர்போனிலும் இதுதான். சவ்வு நிறைய தூரம் நகர முடியும் என்பதால் காற்றை நன்றாக அசைக்கும். நாம் 'அடி' என்று உணர்வது அதைத்தான். செய்யவும் மலிவு, போனிலேயே நன்றாக ஓடும். குறைந்த செலவில் பேஸ் வேண்டும் என்பவர் வேறு எதையும் யோசிக்காமல் டைனமிக் வாங்கலாம். காதுக்குள் வைப்பது என்றால் 10 மி.மீ. அளவில் ஒரே ஒரு டைனமிக், தலைமேல் மாட்டுவது என்றால் 40 மி.மீ. இதுவே தாராளம். 50 மி.மீ. என்று போட்டிருப்பது அதிகப் பேஸ் என்பதற்கு உறுதிமொழி ஆகாது. சவ்வின் பொருள், அதன் பின்னால் விட்டிருக்கும் காற்றிடம், துளைகள், இவற்றை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதே ஒலியை முடிவு செய்கிறது.

அடுத்தது பேலன்ஸ்டு ஆர்மேச்சர். இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு, அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். மின்சாரம் மாறும்போது நாக்கு அசைய, அதன் நுனியிலிருந்து போகும் ஊசி ஒரு சின்னச் சவ்வைத் தட்டும். காது கேட்கும் கருவிகளில் நெடுங்காலமாக இருப்பது இதுதான். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய அளவுக்குள் அடங்கிவிடும். குரலையும் வீணையின் மீட்டலையும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். ஆனால் அந்த நாக்கு அசையும் தூரம் குறைவு. பேஸ் கேட்கும், சுத்தமாகவும் கேட்கும், உடம்பில் படும் அந்தக் கனம் மட்டும் குறையும். அதனால்தான் ஒன்றிலேயே பேஸுக்கு டைனமிக்கும் மேலே உள்ளதற்கு ஆர்மேச்சரும் வைத்து 'ஹைபிரிட்' என்று செய்கிறார்கள். நல்ல ஹைபிரிட் அருமையான பொருள்தான். ஆனால் இரண்டு வகை டிரைவர்களையும் ஒட்டுப் போட்டது காதுக்குத் தெரியாமல் இணைக்கக் கைத்திறன் வேண்டும். மலிவு விலையில் எட்டு டிரைவர், பத்து டிரைவர் என்று எண்ணிக்கையைக் காட்டி விற்பதைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். அதே காசுக்கு ஒற்றை டைனமிக்கை ஒழுங்காகச் செய்தது நன்றாக ஒலிக்கும்.

பிளேனர் மேக்னெடிக் வகையில் சுருள் தனியாக இல்லை. மெல்லிய படலத்தின் மேலேயே மின்தடம் பதித்து, அதைக் காந்த வரிசைக்கு முன்னால் விரித்துக் கட்டியிருப்பார்கள். படலம் முழுவதும் ஒரே சீராகத் தள்ளப்படுவதால் உருக்குலைவு மிகக் குறைவு, பேஸ் அடியாழம் வரை சரியாமல் இறங்கும். ஒரு முறை கேட்டால் மறக்காது. தலைமேல் மாட்டும் பிளேனர்களில் பல 400 கிராமைத் தாண்டும். பெரும்பாலானவை முதுகு திறந்தவை (கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடாமல் ஒலி வெளியே கசியும் வகை), போனின் சக்தி போதாமல் திணறவும் கூடும். பயணத்துக்கு அவை வேண்டாம். ஆனால் 14 மி.மீ. அளவில் காதுக்குள் வைக்கும் பிளேனர்கள் சில ஆண்டுகளாக நடுத்தர விலைக்கு வந்துவிட்டன. போனில் செருகி ஒலிக்குச் சக்தி கூட்டும் ஒரு சின்ன டாங்கிள் மாட்டினால் நன்றாக ஓடும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்கள் தங்களுக்கென்று வாங்கலாம். எலக்ட்ரோஸ்டேடிக் வகைக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்கும் தனிக் கருவி வேண்டும், அது வீட்டு மேசையோடு இருக்கட்டும். எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை, நடக்கும்போது தெருவின் ஒலியும் கேட்க வேண்டும் என்பவருக்கு நல்லது. பேஸை மட்டும் அதில் தேடாதீர்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு முறை ஹைபிரிட் இயர்போன் ஒன்றை ஆசையாக வாங்கிக்கொண்டு ஏறினேன். பேஸே இல்லை. பத்து மணி நேரமும் வருத்தம். ஊரில் இறங்கி, பெட்டியில் கிடந்த பெரிய அளவு ரப்பர் முனையை மாற்றிப் போட்டதும் அதே இயர்போனில் டிரம் வந்து விழுந்தது. காதுக் குழாயும் இயர்போனும் சேர்ந்து மூடிய சிறு அறையாக இருந்தால்தான் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் உள்ளே தங்கும். மயிரிழை இடைவெளி போதும், அழுத்தம் அதன் வழியே வெளியேறிவிடும். முதலில் போவது பேஸ்தான். உயர்ந்த ஒலிகளுக்கு இந்தக் கசிவால் பெரிய பாதிப்பு இல்லாததால், கருவியே தகரம் போல ஒலிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

சோதிப்பது எளிது. இயர்போனை மாட்டும்போது மறு கையால் காது மடலை மேல்நோக்கி லேசாக இழுத்துச் செருகுங்கள். பிறகு வாயை மூடி 'ம்ம்ம்' என்று இழுங்கள். உங்கள் குரல் தலைக்குள் குடத்தில் பேசுவது போல முழங்கினால் சரியாக மூடியிருக்கிறது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று போடுவதில் தவறே இல்லை. நுரை முனைகள் காதுக்குள் விரிந்து இன்னும் நன்றாக மூடும், விமானத்துக்கு அவை சிறப்பு. பெரிய ஹெட்போன் என்றால், பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் சட்டென்று கூடினால் அது உங்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கண்ணாடி அணிபவர்களுக்குக் காம்பின் வழியாகக் கசியும். மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் மிருதுவான தடித்த மெத்தையும் இருந்தால் சமாளிக்கலாம். தோடு, கம்மல் போட்டவர்கள் அரை மணி நேரமாவது மாட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பெட்டியில் உள்ள எண்களில் '20–20,000 ஹெர்ட்ஸ்' என்பதைப் படிக்கவே வேண்டாம். எத்தனை டெசிபெல் (ஒலி அளவின் அலகு) ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்குப் பொருள் இல்லை. மின்தடை 16 முதல் 32 ஓம் வரை என்றால் போனுக்கு ஏற்றது, அது போதும்.

அறை அமைதியாக இருக்கும்போது குறைந்த ஒலியில் பேஸ் மெலிந்து கேட்பது கருவியின் குறை அல்ல. ஒலி குறையும்போது நம் காதே தாழ்ந்த அதிர்வெண்களை மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது. பிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933 இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் கேட்கும்போது ஒலியைக் கூட்டுவதற்குப் பதிலாக, போனின் ஈக்வலைசரில் அடிப்பகுதியை மட்டும் மூன்று நான்கு டெசிபெல் ஏற்றுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிள்ளைகளுக்கு 75.

ஒயரா, புளூடூத்தா? விமான இருக்கையின் திரைக்கு இன்னும் பெரும்பாலும் ஒயர்தான் வேண்டும். அதனால் புளூடூத் வாங்கினாலும் 3.5 மி.மீ. ஒயர் செருக வழி உள்ளதாகப் பாருங்கள். பழைய விமானங்களுக்கு இரட்டை முனை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். பேட்டரி உள்ள எதையும் கைப்பையிலேயே வையுங்கள். பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. திறந்த முதுகுள்ள ஹெட்போன் என்றால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் பாட்டு கேட்கும். அந்த வகையில் 1984 இல் வந்த காஸ் போர்ட்டா புரோ இன்றும் அந்த விலைக்கு இனிமையான பேஸ் தருவது, மடித்து வைக்கவும் எளிது. ஆனால் அது பகலில் முற்றத்தில் உட்கார்ந்து கேட்பதற்குத்தான்.

வெயிலும் வியர்வையும் உள்ள இடத்துக்குப் போகிறோம் என்றால், செயற்கைத் தோல் மெத்தை விரைவில் உரியும் என்பதை நினைவில் வையுங்கள். மெத்தையைக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாக இருக்கட்டும். கேட்டு முடித்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் போடுங்கள். காதுக்குள் வைப்பதில் ஐபிஎக்ஸ்4 என்ற நீர் தாங்கும் தரமாவது இருந்தால் வியர்வையைத் தாங்கும்.

இனி மருமகனுக்கு வாங்குவது. முதலில் அவன் போனில் எந்தத் துளை இருக்கிறது என்று கேளுங்கள். 3.5 மி.மீ. இருக்கிறதா, யுஎஸ்பி-சி மட்டும்தானா? பிறகு கேளுங்கள், பேருந்தில் கேட்கவா, விளையாடவா, படிக்கும்போதா என்று. ஓர் இடத்தில் வாங்கியதன் உத்தரவாதம் பெரும்பாலும் அந்த நாட்டோடு நின்றுவிடும். ஆகவே சார்ஜ் போட வேண்டிய, பழுதானால் பார்க்க ஆள் தேட வேண்டிய பொருளைவிட, கழற்றி மாற்றும் ஒயர் உள்ள ஒற்றை டைனமிக் இயர்போன் அவனிடம் நெடுநாள் உழைக்கும். ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றினால் போதும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி, அவனுடையதையும் சேர்த்து இரண்டையும் பிரித்துப் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு பக்கம் ஒலி குறைவாக வந்தால் கடையில் மாற்ற அப்போதுதான் முடியும். கொடுக்கும்போது பெட்டியோடு நீட்டிவிட்டு வந்துவிடாமல், பக்கத்தில் உட்காரவைத்து மூன்று அளவு முனைகளையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'ம்ம்ம்' சோதனையையும் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் அவனுக்குப் பிடித்த பாட்டை அவனே போடட்டும்.