மலையில் கோடைப் புழுக்கத்தைக் கணிப்பது எப்படி?

கோடையில் குன்னூரிலோ கோத்தகிரியிலோ காலை நேரத்தில் கைபேசியில் வானிலையைப் பார்ப்பவர், ஈரப்பதம் 95 விழுக்காடு என்று கண்டு, அன்றைய பொழுது புழுக்கமாக இருக்கும் என்று எண்ணிக்கொள்வதுண்டு. பெரும்பாலும் அவ்வாறு நடப்பதில்லை. அதே நாளில் மேட்டுப்பாளையத்தில் பிற்பகல் ஈரப்பதம் 50 விழுக்காடு என்று காட்டும்; ஆனால் மலையிலிருந்து இறங்கிச் சென்றவருக்குப் பேருந்து நிலையத்தில் நிற்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஈரப்பத விழுக்காட்டை மட்டும் நம்பினால் இது முரணாகத் தோன்றும். உடலின் இதத்தை அறிய விரும்புகிறவர் பார்க்க வேண்டிய எண் பனிப்புள்ளி (dew point), அதாவது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீர்த்துளி படியத் தொடங்கும் என்பது. மலையில் வாழ்பவர்கள் அதைப் பார்க்கப் பழகிக்கொள்வது மிகவும் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

வானிலை அறிக்கையில் வரும் விழுக்காடு, காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய பெரும அளவில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் பெரும அளவு, ஒரு கன மீட்டருக்கு 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம், 30 டிகிரியில் சுமார் 30 கிராம். எனவே காற்றில் ஒரு துளி ஈரம்கூடக் குறையாமலேயே, வெயில் ஏற ஏற விழுக்காடு இறங்கிவிடும். குன்னூரில் காலை 16 டிகிரியும் 95 விழுக்காடும், பிற்பகல் 24 டிகிரியும் 60 விழுக்காடும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் வெகுவாக மாறியிருந்தாலும் இரு வேளைகளிலும் பனிப்புள்ளி 15 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஈரமும் ஏறத்தாழ அதேதான்.

ஈரத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், எந்த வெப்பநிலையில் நீர்த்துளி படியத் தொடங்குகிறதோ அதுவே பனிப்புள்ளி. உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் முதன்மையான வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அந்த ஆவியாதலின் வேகம், 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும் ஈரத்தோலின் ஆவி அழுத்தத்துக்கும் (நீராவி மட்டும் தரும் அழுத்தம்) சுற்றியுள்ள காற்றின் ஆவி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. காற்றின் ஆவி அழுத்தத்தை நேரடியாகக் காட்டுவது பனிப்புள்ளியே.

அது 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் காற்று உலர்ந்து இதமாக இருக்கும். 16 வரை யாருக்கும் பெரிதாகத் தொல்லை இராது. 18-ஐத் தாண்டும்போது கசகசப்புத் தொடங்கும்; 21-க்கு மேல் வியர்வை உலராமல் வழியும்; 24-ஐத் தாண்டினால் நிழலில் உட்கார்ந்திருப்பதும் கடினமே. இவை பொதுவான வழிகாட்டல்கள்தாம். ஆளுக்கு ஆள் சற்று மாறும். வெப்பநிலையையும் சேர்த்தே இவற்றைப் படிக்க வேண்டும். உதகையில் 20 டிகிரி வெப்பத்தில் பனிப்புள்ளி 17 ஆக இருந்தாலும் புழுங்காது, ஏனெனில் குளிர்ந்த காற்றே உடல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் 2024 ஏப்ரலில் அங்கே வெப்பநிலை 29 டிகிரியைத் தொட்டது. அத்தகைய நாளில் பனிப்புள்ளி 12 என்றால் நிழலுக்கு வந்தவுடன் ஆறுதல் கிடைக்கும். 18 என்றால் மின்விசிறி இல்லாத மலை வீட்டுக்குள்ளும் புழுக்கம் தெரியும்.

பனிப்புள்ளியைத் தோராயமாகக் கணக்கிட, 100-லிருந்து ஈரப்பத விழுக்காட்டைக் கழித்து, வருவதை ஐந்தால் வகுத்து, அதை வெப்பநிலையிலிருந்து கழித்தால் போதும். 24 டிகிரி, 60 விழுக்காடு என்றால் 40-ஐ ஐந்தால் வகுக்க 8, விடை 16. மலையின் மிதமான, ஈரமான காற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். வெப்பம் மிகுந்து ஈரப்பதம் குறையும்போது சற்றுக் கூடுதலாகக் காட்டும்: மேட்டுப்பாளையத்தின் 34 டிகிரிக்கும் 50 விழுக்காட்டுக்கும் இவ்வழியில் 24 வரும், உண்மையில் அது 22.

ஒரு வெப்பமானி மட்டும் இருந்தால் நேரடியாக அளக்கவும் முடியும். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் அறை வெப்பநிலையில் உள்ள நீரைப் பாதியளவு ஊற்றி, வெப்பமானியை அதில் வைத்து, ஐஸ் துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். டம்ளரின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, பின்னர் நீர் தானாகச் சூடேறும்போது அந்த மங்கல் மறையும் வெப்பநிலையையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். மூச்சுக்காற்று டம்ளரின்மீது படக்கூடாது. குழாய் நீர் மிகவும் குளிர்ந்திருந்தால் ஊற்றியவுடனே டம்ளர் மங்கிவிடும்; அப்போது சற்று வெந்நீர் கலந்து தொடங்க வேண்டும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைக் கொண்டும் ஈரத்தை அளக்கலாம். ஆனால் அதற்கான அட்டவணைகள் பெரும்பாலும் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு உரியவை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அவற்றைப் பயன்படுத்தினால் உண்மையில் இருப்பதைவிடக் குறைவான ஈரமே கிடைக்கும். டம்ளர் முறைக்கு அந்தக் குறை இல்லை.

கண்டறிந்த எண்ணை முதலில் சன்னல்களுக்குப் பயன்படுத்தலாம். கற்சுவர் கொண்ட பழைய வீடுகளில் சுவரும் தரையும் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். சுவர் 17 டிகிரியில் இருக்க, வெளிக்காற்றின் பனிப்புள்ளி 18 என்றால், காற்றோட்டத்துக்கென்று திறந்த சன்னலே சுவரை வியர்க்க வைத்து, அலமாரித் துணிகளில் பூசணம் பிடிக்க வழி செய்யும். வெளிப் பனிப்புள்ளி உள்ளே இருப்பதைவிடக் குறைவாக உள்ள வேளையில் திறப்பதே சரி. துணி உலர்த்துவதற்கு வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது பத்து டிகிரிக்கு மேல் இருக்கும் நாள் நல்ல நாள்.

அந்த இடைவெளிக்கு, மலைவாசிகள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு பயனும் உண்டு. சமவெளிக் காற்று சரிவில் ஏறும்போது, ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் சுமார் 125 மீட்டர் ஏறியபின் மேகமாகிறது. மேட்டுப்பாளையத்தில் 34 டிகிரி வெப்பமும் 22 டிகிரி பனிப்புள்ளியும் இருந்தால் இடைவெளி 12. ஆகவே 1,500 மீட்டர் ஏறியதும் மேகம் கட்டும். மேட்டுப்பாளையமே 300 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால், அது குன்னூரின் உயரத்தை ஒட்டி வருகிறது. கோடைப் பிற்பகல்களில் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவந்து தேயிலைத் தோட்டங்களை மூடுவது இவ்வாறுதான். கொடைக்கானலில் உள்ளவர்கள் வத்தலக்குண்டின் எண்களைக் கொண்டு இதே கணக்கைப் போடலாம். அங்கே மஞ்சு ஊரைத் தொட இடைவெளி 14 டிகிரி அளவுக்கு இருக்க வேண்டும். காலையில் இடைவெளி சிறியதாகத் தெரிந்தால் மலையேற்றத்தையும் தொலைதூரக் காட்சி காணச் செல்வதையும் முற்பகலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

மலையிலிருந்து இறங்குகிறவர்கள், குறிப்பாக முதியவர்களும் குழந்தைகளும், கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 15 டிகிரிப் பனிப்புள்ளியில் பழகிய உடல் சில மணி நேரத்தில் 22-க்கும், சென்னைக்குச் சென்றால் 25-க்கும் மேலான பனிப்புள்ளிக்கும் வந்துவிடுகிறது. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை கடும் வேலைகளைக் காலை வேளையில் வைத்துக்கொண்டு, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீரும் மோரும் குடித்து, விசிறிக் காற்று உடலில் படும்படி இருக்க வேண்டும். காற்று தோலைவிடச் சூடாக, அதாவது 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது விசிறி மட்டும் போதாது. ஈரத்துணியால் கை, கழுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு அதன்பின் விசிறியின் கீழ் அமர வேண்டும். தலைச்சுற்றலோ குமட்டலோ தோன்றினால் உடனே நிழலுக்குச் சென்று உடலை நனைக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.