கல்லூரியில் குருதிக் கொடை முகாம் நடத்த முன்வரும் மாணவர்களுக்கு

நாள் குறிப்பதிலிருந்தே முகாமின் வேலை தொடங்கிவிடுகிறது. ஜூன் 14 உலகக் குருதிக் கொடையாளர் நாள், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வக் குருதிக் கொடை நாள் ஆகியவற்றை ஒட்டியே முகாம் நடத்தப் பல கல்லூரிகள் விரும்புகின்றன. ஆனால் சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள்கள் வரையும், தட்டணுக்களை (பிளேட்லெட்) 5 நாள்கள் மட்டுமேயும் சேமித்து வைக்க முடியும் என்பதால், ஒரே வாரத்தில் குவியும் குருதியைவிடத் தேவைப்படும் வாரத்தில் கிடைக்கும் குருதியே பயன் மிக்கது. எனவே இரத்த வங்கி மருத்துவ அலுவலரிடம் எப்போது இருப்பு குறைகிறது என்று கேட்டு, அதற்கேற்ப நாளைக் குறியுங்கள். கல்லூரிகள் மூடிக் கிடக்கும் கோடை மாதங்களில் தட்டுப்பாடு நேர்வது வழக்கம்; ஆகவே தேர்வுகள் தொடங்குமுன் ஒரு முகாம் வைப்பது நல்லது.

உரிமம் பெற்ற இரத்த வங்கியின் குழுவே குருதியைச் சேகரிக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் அல்லது எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான ரெட் ரிப்பன் கிளப்பின் பொறுப்பாசிரியர் வழியாக முறையான கடிதம் அனுப்புங்கள். காற்றோட்டமான தரைத்தள அறை, குடிநீர், ஓய்வெடுக்கும் இடம் ஆகியவற்றோடு, மருத்துவர் கொடையாளரிடம் தனியாகப் பேசுவதற்கு ஒரு மறைவிடமும் கட்டாயம் தேவை. பெரும்பாலும் மறந்துபோவது இந்த மறைவிடம்தான்.

அரங்கத்தில் ஒரு மணி நேரம் சொற்பொழிவு வைப்பதைவிட, ஏற்கெனவே குருதி கொடுத்த மூத்த மாணவர் ஒருவர் வகுப்பு வகுப்பாகச் சென்று பத்து நிமிடம் பேசுவது கூடுதல் பலன் தரும். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 100 மில்லிலிட்டர் குருதியில் குறைந்தது 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ளவர்கள் கொடுக்கலாம் என்பதையும், வெறும் வயிற்றோடு வரக் கூடாது என்பதையும், கடந்த ஓராண்டுக்குள் பச்சை குத்திக்கொண்டவர்கள் காத்திருக்க வேண்டும் என்பதையும் அவர் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

வருகைப் பதிவு, அக மதிப்பெண், துறைகளுக்கிடையே போட்டி என எந்த வடிவிலும் கட்டாயம் நுழைய இடம் கொடுக்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பை அடுத்து, 1998 ஜனவரி முதல் இந்தியாவில் பணத்துக்குக் குருதி கொடுப்பது தடை செய்யப்பட்டது. ஆதாயத்தை எதிர்பார்த்து வருபவர் தம் உடல்நிலையை மறைக்கக்கூடும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மதிப்பெண்ணுக்காக வரும் மாணவரும், கொடுக்குமுன் நிரப்பும் உடல்நலக் கேள்வித்தாளில் உண்மையை மறைக்கலாம். தொற்று ஏற்பட்ட தொடக்க நாள்களில் ஆய்வகச் சோதனை அதைக் காட்டாமல் போகக்கூடும் என்பதால், அந்தக் கேள்விகளுக்குத் தரும் நேர்மையான பதில்தான் நோயாளிக்கு முதல் காப்பு.

முகாம் நாளில் பலர் தடுக்கி நிற்பது ஹீமோகுளோபின் சோதனையில்தான். விரல் நுனியில் எடுத்த துளி நீல நிற மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் மூழ்கினால் அளவு போதும், மிதந்தால் போதாது. அப்படித் திரும்புகிறவர்களில் மாணவியர் கணிசமாக இருப்பார்கள். வரிசையில் நிற்பவர்கள் முன்னிலையில் அதை அறிவிக்காமல், மருத்துவரின் ஆலோசனையையும் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும் இடத்தையும் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். கொடுத்து முடித்தவரை உடனே எழுப்பி நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். மயக்கம் வருவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். சிறிது நேரம் படுத்திருந்து, பிறகு பழச்சாறும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, தன்னார்வலரின் பார்வையில் கால் மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.

எத்தனை பை சேர்ந்தது என்பதைவிட, எத்தனை பேர் மறுமுறை வந்தார்கள் என்பதையே முகாமின் அளவுகோலாகக் கொள்ளலாம். ஆண்கள் 90 நாள்களும் பெண்கள் 120 நாள்களும் கழித்து மீண்டும் கொடுக்கலாம். விருப்பம் தெரிவித்தவர்களின் குருதி வகையையும் கொடுத்த தேதியையும் ஒரு பதிவேட்டில் எழுதி, உரிய நாளில் நினைவூட்டுங்கள். அவர்களின் தொலைபேசி எண்களை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாமல், இரத்த வங்கி கேட்கும்போது இரண்டு பொறுப்பாளர்கள் மட்டும் அழைத்துப் பேசட்டும். அவர்களில் ஒருவர் இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தால், இறுதியாண்டினர் படிப்பை முடித்துச் சென்ற பிறகும் பதிவேடு கைமாறி நடந்துகொண்டிருக்கும்.