ஆயில் சீலை மாற்றும் முன் பிசிவி வால்வைப் பாருங்கள்

கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அவ்வளவு செலவு செய்தும் சில மாதங்களில் அதே இடம் மறுபடி நனைந்தால், சீல் மட்டமானது என்று பழி போடுவதுதான் வழக்கம். பல சமயம் குற்றவாளி சீல் இல்லை. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க்கேஸுக்கு மூச்சு விட வழி இல்லை. அந்த வழியைக் காப்பதுதான் பிசிவி (கிராங்க்கேஸ் காற்றோட்ட) வால்வு. உள்ளே அழுத்தம் ஏறினால் எவ்வளவு நல்ல சீலும் தாங்காது.

அழுத்தம் வருவது பிஸ்டன் பக்கத்திலிருந்து. எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு ரிங் இடைவெளிகள் வழியாகக் கீழே இறங்குகிறது. இதுதான் புளோ-பை. புது என்ஜினிலும் உண்டு, தேய்ந்ததில் அதிகம். எரியாத பெட்ரோல் ஆவி, கரி, அமிலத்தன்மை கொண்ட வாயுக்கள் இவற்றோடு நிறைய நீராவியும் அதில் இருக்கும். 1 லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஆயிலில் வந்து சேரும் கொஞ்சத்தை வெளியேற்றாவிட்டால் ஆயில் தார் போலக் கெட்டியாகிவிடும்.

பழைய கார்களில் இதற்குக் கீழ்நோக்கிய ஒரு திறந்த குழாய்தான் இருந்தது. வண்டி ஓடும்போது காற்று இழுக்கும், நின்றால் இழுப்பும் நின்றுவிடும், புகை நேராகத் தெருவுக்குப் போகும். புகைமூட்டத்தில் தவித்த கலிஃபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களில்தான் பிசிவி முறை பரவலாக வந்தது.

அதில் இரண்டு வழிகள் உண்டு. ஏர் ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான காற்று ஒரு ஹோஸ் வழியாக என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குள் நுழைந்து கிராங்க்கேஸைச் சுற்றிவரும். பிறகு புளோ-பையையும் சேர்த்துக்கொண்டு பிசிவி வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போய் மறுபடி எரியும்.

வால்வுக்குள் இருப்பது ஒரு பிளஞ்சரும் ஸ்பிரிங்கும்தான். ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் இழுப்பு 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு இருக்கும். அது பிளஞ்சரை இழுத்து வழியைக் குறுக்கிவிடும். அந்த நேரத்தில் புளோ-பையும் குறைவு, காற்று கூடுதலாக நுழைந்தால் ஐடிலிங்கும் கெடும். சீரான வேகத்தில் இழுப்பு குறையும்போது ஸ்பிரிங் பிளஞ்சரைத் தள்ளி வழியை அகலமாக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் இழுப்பு கிட்டத்தட்ட இல்லை, புளோ-பையோ உச்சத்தில். மிஞ்சும் வாயு சுத்தமான காற்று வந்த ஹோஸிலேயே எதிர்த்திசையில் போகும். ஆகவே அந்த ஹோஸின் உட்புறம் லேசாக எண்ணெய் படிவது இயல்பு. ஃபில்டரே ஆயிலில் ஊறியிருந்தால்தான் கோளாறு.

டர்போ பெட்ரோல் என்ஜினில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது மேனிஃபோல்டில் இழுப்புக்குப் பதில் அழுத்தம் இருக்கும். ஒரு செக் வால்வு (ஒருவழி வால்வு) அந்தப் பாதையை மூட, வாயு டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்குப் போகும். செக் வால்வு பழுதானால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள்ளேயே இறங்கும். டீசலிலும் பல புதிய பெட்ரோல் என்ஜின்களிலும் பிளஞ்சருக்குப் பதில் ரப்பர் டயாஃப்ரமும் ஆயில் பிரிப்பானும் இருக்கும். பி.எம்.டபிள்யூவின் எம்54 என்ஜினில் இந்த அமைப்பு இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். குளிர் நாடுகளில் உள்ளே நீர் உறைந்து அடைத்துக்கொள்வதால், வெப்பம் காக்கும் உறை போட்ட வகையும் அதற்கு உண்டு.

கோளாறு இரண்டு விதம். வழி அடைத்தால் டேப்பட் கவர் கேஸ்கட்டும் சீல்களும் கசியும், டிப்ஸ்டிக் தானே மேலே எழும்பும், ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் சேரும். வால்வு திறந்தபடி சிக்கினாலோ, ஹோஸ் கிழிந்தாலோ, டயாஃப்ரம் பிய்ந்தாலோ அளவுக்கு மீறிய காற்று உள்ளே போகும். ஐடிலிங் ஆடும், பி0171 கோடு (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்னும் பழுதுக் குறியீடு) வரலாம், என்ஜின் ஆயில் குடிக்கும், டயாஃப்ரம் வகையில் விசில் சத்தமும் கேட்கும். ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற களிம்பு இருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் போய்க் கூலண்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். தினமும் 3, 4 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் என்ஜின் சூடாகாமல் நீராவி தங்குவதாலும் அது வரும். கூலண்ட் குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

சோதிக்க, என்ஜினைச் சூடாக்கி ஐடிலிங்கில் விடுங்கள். ஆயில் மூடியைக் கழற்றி, ஆயில் ஊற்றும் வாய் மேல் மெல்லிய ரப்பர் கையுறையை விரித்துப் பிடியுங்கள். லேசாக உள்ளிழுத்தால் சரி. பலூன் போல உப்பினால் அடைப்பு. மூடியே வர மறுக்கும் அளவுக்கு இழுத்தால் டயாஃப்ரம் போயிருக்கும்.

பிளஞ்சர் வகையாக இருந்தால், ஹோஸ் மாட்டியபடியே வால்வை டேப்பட் கவரிலிருந்து பிடுங்கி அதன் வாயைக் கட்டைவிரலால் மூடுங்கள். நல்ல இழுப்பு தெரிய வேண்டும், ஐடிலிங் சற்று இறங்கும். இழுப்பே இல்லையென்றால் ஹோஸிலோ மேனிஃபோல்ட் துளையிலோ கரி அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் மாற்றிப் பயனில்லை. வால்வைத் தனியே குலுக்கினால் கடகடவென்று ஒலிக்க வேண்டும். ஆனால் ஒலித்தாலே ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அதனால் ஊதியும் பாருங்கள். கிராங்க்கேஸ் பக்கத்திலிருந்து காற்று எளிதாகப் போக வேண்டும், மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து மிகக் குறைவாகவே போக வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது நச்சு.

மாற்றும்போது என்ஜின் ஆறியிருக்கட்டும். பல வண்டிகளுக்கு வால்வு சில நூறு ரூபாய்தான், ஆனால் உங்கள் என்ஜினின் பார்ட் நம்பரையே கேட்டு வாங்குங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு வால்வுகளின் ஸ்பிரிங்கும் துளையும் வேறாக இருக்கலாம். வால்வு செருகியிருக்கும் ரப்பர் வளையமான குரோமெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது காய்ந்து பொடிப்பொடியாக உடையும், துண்டு உள்ளே விழாமல் முள்மூக்குக் குறடால் எடுங்கள். மரை உள்ள வால்வைக் கையால் முழுதும் ஏற்றிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள், அலுமினிய மரை சுலபமாகப் போய்விடும். பிளாஸ்டிக் வால்வு என்றால் இன்னும் மென்மையாக. ஹோஸுக்கு ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போடும் வழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அது ஆயில் பட்டு ஊறி, இழுப்பில் தட்டையாகி, பழைய கதையே திரும்பும். ஆயில் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். கார்ப் கிளீனரால் கழுவுவது உலோக வால்வுக்கு ஒத்துவரும். டயாஃப்ரம் வகையில் தெளித்தால் ரப்பர் கெட்டுவிடும்.

புது வால்வும் ஹோஸும் போட்ட பிறகும் கையுறை உப்பினால், வால்வு கையாள முடியாத அளவுக்கு ரிங் வழியாக வாயு இறங்குகிறது. அப்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். கசிவு 20 சதவீதத்தைத் தாண்டி, ஆயில் ஊற்றும் வாயில் காற்றுச் சீறும் ஒலி கேட்டால் அது என்ஜின் இறக்கிச் செய்யும் வேலை. அதற்கு முன் சீலுக்குக் காசு போடாதீர்கள்.