ஆஸ்திரேலியா வெயில்ல நம்ம தோல எப்படி பாத்துக்கறது

மெல்போர்ன் வந்த முதல் வருஷம், நவம்பர்ல ஒரு சனிக்கிழமை. 21 டிகிரி தான், காத்து சிலுசிலுன்னு அடிக்குது, நம்மூர் மார்கழி மாதிரி இருக்கேன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கிரிக்கெட் ஆடிட்டு வந்தேன். ராத்திரி சட்டைய கழட்டும்போது கழுத்துல கை வைக்க முடியல, ரெண்டு நாள் கழிச்சு மூக்கும் காதும் உரிஞ்சுது. திருச்சில 40 டிகிரில ஆடி வளந்தவன் நான், அங்க ஒரு நாளும் இப்படி ஆனதில்ல. கூட ஆடின யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் பாத்துட்டு "தம்பி, இஞ்ச வெக்கைய பாக்காதேங்கோ, யூவிய பாருங்கோ"ன்னு சொன்னாரு. புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் நான் இப்ப இததான் முதல்ல சொல்றேன், அதான் தெரிஞ்சத எல்லாம் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

வெயில்ல நமக்கு சுடுதே, அது வேற கதிர். தோல கெடுக்குற புற ஊதாக்கதிர், அதாவது யூவி, கண்ணுக்கும் தெரியாது, மேல பட்டாலும் தெரியாது. அதனால குளுகுளுன்னு இருக்கற நாள்லயும் யூவி எகிறி நிக்கும், மெல்லிசா மேகம் போட்டிருந்தாலும் நிறைய உள்ள வந்துடும். ஜனவரி தொடக்கத்துலதான் பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வருது, இங்க அப்ப கோடைக்காலம், காத்துல தூசியும் புகையும் வேற கம்மி, வடிகட்டறதுக்கு எதுவும் இல்லாம நேரா எறங்குது.

எப்படி பாக்கறதுன்னா, போன்ல சன்ஸ்மார்ட் ஆப் போட்டுக்கோங்க, இல்லன்னா இங்கத்த வானிலை மையத்தோட பக்கத்துல உங்க ஊர போட்டா இன்னைக்கு எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும் பாதுகாப்பு வேணும்னு நேரத்தோட வரும். யூவிய ஒரு எண்ணா (யூவி இண்டெக்ஸ்) சொல்வாங்க, அது 3ஐ தொட்டாலே பாதுகாப்பு வேணும், அதுதான் கணக்கு. மெல்போர்ன்ல ஆகஸ்ட் நடுவுல இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் பகல்ல 3 தாண்டும், பிரிஸ்பேன் பக்கம் வருஷம் பூராவும் தாண்டும். போன் கைல இல்லன்னா உங்க நிழல பாருங்க, நிழல் உங்க உயரத்த விட குட்டையா இருந்தா யூவி ஜாஸ்தின்னு வெச்சுக்கலாம். இன்னொன்னு, மெல்போர்ன்ல கோடைல கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வெக்கறாங்க, அதனால உச்சி வெயில் இங்க 12 மணிக்கு இல்ல, ஒரு மணிக்கு மேலதான். பன்னெண்டு தாண்டிடுச்சு இனி எறங்கிடும்னு பசங்கள பார்க்குக்கு கூட்டிட்டு போறவங்கள நிறைய பாத்திருக்கேன்.

சரி, எல்லாரும் கேக்கற கேள்விக்கு வரேன். "நம்ம கருப்பு தோலு, நமக்கெல்லாம் வருமா?" இதுக்கு பயமுறுத்தாம உண்மைய சொல்லணும். ஆஸ்திரேலியால மூணு பேர்ல ரெண்டு பேருக்கு 70 வயசுக்குள்ள ஏதாவது ஒரு தோல் கேன்சர் வருதுன்னு சொல்றாங்களே, அதுல பெரும்பகுதி வெள்ளத்தோல் ஆளுங்க. நம்ம தோல்ல இருக்குற மெலனின்ங்கற நிறமி நெஜமாவே நம்மள காப்பாத்துது, நமக்கு ஆபத்து ரொம்பவே கம்மி. 2024ல இங்கத்த நிபுணர்கள் எல்லாம் சேந்து ஒரு அறிக்க விட்டாங்க, அதுல எல்லாருக்கும் ஒரே விதி கெடையாதுன்னு மூணா பிரிச்சிட்டாங்க. ரொம்ப வெளுத்த தோல், நடுத்தரமா மாநிறம், அப்பறம் நல்ல கருப்பு. நல்ல கருப்பா இருக்கறவங்க கடைக்கு போயிட்டு வர்றதுக்கெல்லாம் தெனமும் சன்ஸ்க்ரீன் பூசிக்க வேணாம், அவங்களுக்கு வைட்டமின் டி கொறையறதுதான் பெரிய பிரச்சன, ஆனா யூவி 3க்கு மேல இருக்கும்போது ரொம்ப நேரம் வெளிய இருந்தா அவங்களும் பாதுகாப்பு எடுக்கணும். நம்ம வீட்டுலயே பாருங்க, ஒருத்தர் கரிசல் மண்ணு மாதிரி இருப்பாங்க, ஒருத்தர் கோதும நெறம். அதனால வீட்டுக்கு ஒரு விதின்னு வெக்காம ஆளுக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கோங்க. வைட்டமின் டி சந்தேகம்னா ஜிபி, அதாவது குடும்ப டாக்டர் கிட்ட கேளுங்க, மாத்திரையே போதும், அதுக்காக மத்தியானத்துல நிக்க வேணாம்.

சில பேருக்கு மட்டும் இந்த சலுக கெடையாது. பிறவிலயே தோல்ல நிறமி இல்லாதவங்க, கிட்னி மாதிரி உறுப்பு மாத்தி எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திர சாப்பிடறவங்க, இவங்களுக்கு ஆபத்து பல மடங்கு. பிபி மாத்திரைல ஹைட்ரோகுளோரோதயசைட்னு ஒன்னு கலந்து வரும், பல வருஷம் எடுக்கறவங்களுக்கு தோல் கேன்சர் கொஞ்சம் கூடுதுன்னு எச்சரிக்கை இருக்கு. அம்மா அப்பா மாத்திர அட்டைய எடுத்து பாருங்க, இருந்தா டாக்டர்ட்ட பேசுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.

இப்ப பாதுகாப்பு. 1981ல விக்டோரியால ஒரு விளம்பரம் ஆரம்பிச்சாங்க, ஸ்லிப் ஸ்லாப் ஸ்லாப்னு ஒரு கடல்புறா ஆடிப்பாடிட்டு வரும், சட்டைய மாட்டு, க்ரீம பூசு, தொப்பிய போடுன்னு அர்த்தம். அப்பறம் 2007ல நிழலுக்கு போ, கண்ணாடிய மாட்டுன்னு ரெண்ட சேத்தாங்க. அந்த வரிசைய கவனிங்க, சட்டதான் முதல்ல, க்ரீம் ரெண்டாவது. நம்மாளுங்க க்ரீம மட்டும் பூசிட்டு அதோட முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க. 2025ல இங்கத்த நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 20 சன்ஸ்க்ரீன வாங்கி டெஸ்ட் பண்ணி பாத்ததுல 16 டப்பால போட்டிருந்த எஸ்பிஎஃப், அதாவது வெயில எவ்ளோ தடுக்கும்ங்கற எண், வரல. அதுக்காக பூசாம இருந்துடாதீங்க, குயின்ஸ்லாந்துல நாம்பூர்னு ஒரு ஊர்ல 1992ல ஆரம்பிச்சு 1,600 பேருக்கு மேல வெச்சு பாத்த ஆராய்ச்சில, தெனமும் பூசினவங்களுக்கு ஒரு வகை தோல் கேன்சர் கிட்டத்தட்ட 40 சதவீதம் கொறஞ்சுது, வருஷங்கள் கழிச்சு பாத்தா மெலனோமாங்கற கொடிய தோல் கேன்சரும் பாதியா கொறஞ்சிருந்துது. பூசறது வேல செய்யுது, ஆனா அத மட்டுமே நம்பி நிக்கக்கூடாது.

துணின்னா நெருக்கமா நெய்ஞ்சது, அடர் கலர், லூசா இருக்கணும். மெல்லிசு வெள்ள காட்டன் நமக்கு சுகமா இருக்கும், ஆனா யூவி ஊடுருவிடும், நனஞ்சா இன்னும் மோசம். யூபிஎஃப் (துணி யூவிய தடுக்கற அளவு) 50ன்னு போட்ட சட்ட கெடைக்குது, கிரிக்கெட் ஆடறவங்க வாங்கிடுங்க. தொப்பி சுத்தி வர விளிம்பு ஏழர சென்டிமீட்டராவது இருக்கணும், கிரிக்கெட் கேப் போட்டா காதும் பின்கழுத்தும் அம்போன்னு நிக்கும். சின்ன பசங்க ஸ்கூல்ல தொப்பி இல்லன்னா விளையாட விட மாட்டாங்க, அந்த பழக்கத்த லீவு நாள்லயும் விடாதீங்க. கொடை பிடிக்கறது நம்ம பழக்கம்தான், நல்லது, ஆனா மணல்லயும் தண்ணிலயும் பட்டு கீழ இருந்து திரும்பி வர்றத கொடை தடுக்காது, பீச்ல கொடைக்கு கீழ உக்காந்தும் கருகறது அதனாலதான்.

க்ரீம் வாங்கும்போது எஸ்பிஎஃப் 50, பிராட் ஸ்பெக்ட்ரம்னு (யூவில ரெண்டு வகையையும் தடுக்கறது) இருக்கா, காலாவதி தேதி என்னன்னு பாருங்க. துத்தநாகம் கலந்தது நம்ம முகத்துல சாம்பல் பூத்த மாதிரி தெரியும், பிடிக்கலன்னா ஜெல் மாதிரி வர்றத வாங்குங்க. முகத்துல மங்கு இருக்கறவங்களுக்கு கலர் கலந்த சன்ஸ்க்ரீன் நல்லது, அதுல இருக்கற அயர்ன் ஆக்சைடு கண்ணுக்கு தெரியற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்க கூட்டறதுல அதுக்கும் பங்கு இருக்கு. எவ்ளோ பூசணும்னா, ஒரு கைக்கு ஒரு டீஸ்பூன், ஒரு காலுக்கு ஒன்னு, முன்னாடி ஒன்னு, முதுகுக்கு ஒன்னு, மூஞ்சி கழுத்து காதுக்கு ஒன்னு, மொத்தம் ஏழு டீஸ்பூன், 35 மில்லி. பெரும்பாலானவங்க இதுல பாதி கூட பூசறதில்ல. வெளிய கெளம்ப 20 நிமிஷம் முன்னாடி பூசிட்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்ப பூசுங்க, நீச்சல் அடிச்சாலோ வேர்த்து தொடச்சாலோ உடனே. வகிடு, காது மடல், பாதத்து மேல்பக்கம், ஜாக்கெட்டுக்கு மேல தெரியற முதுகு, இதெல்லாம் மறந்து போற எடம். காருக்குள்ள போட்டு வெக்காதீங்க, சூட்டுல கெட்டுப்போயிடும். ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கற கொழந்தைக்கு நிழலும் துணியும்தான், க்ரீம் வேணாம். தேங்காண்ணெய், மஞ்சள், சந்தனம் எல்லாம் தோலுக்கு இதமா இருக்கும், ஆனா வெயில தடுக்காது, பெரியவங்க சொன்னா பொறுமையா எடுத்து சொல்லுங்க.

தைப்பூசம் இங்க சரியா உச்சக்கோடைல வரும். சன்ஷைன் நார்த் முருகன் கோயில்ல காவடி எடுக்கறவங்க சட்ட இல்லாம நிக்கணும், அவங்க வீட்டுலயே தோள், முதுகு, பின்கழுத்து எல்லாம் நல்லா பூசி காஞ்சதுக்கு அப்பறம் விபூதி பூசிக்கட்டும். கூட போறவங்க நிழல்ல நிக்க முடிஞ்சா நில்லுங்க, கொழந்தைங்களுக்கு தொப்பி போடுங்க, சாமி ஒன்னும் கோச்சுக்காது.

இனிமே சொல்றததான் ரொம்ப கவனமா படிக்கணும். எங்க பெரியப்பாவுக்கு உள்ளங்கால்ல கருப்பா ஒரு தடம் இருந்துது. புதுக்கோட்டை பக்கம் வயல், செருப்பில்லாம நடக்கற மனுஷன், முள்ளு குத்தின தழும்புன்னு விட்டுட்டாரு, அப்பறம் கால் ஆணின்னு பிளாஸ்திரி ஒட்டிட்டே ஒரு வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. ரத்தம் கசிய ஆரம்பிச்சு, தொடை இடுக்குல நெறி கட்டினதுக்கு அப்பறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு போனாங்க, சத எடுத்து பாத்தா மெலனோமா. ரெண்டு வருஷம்தான் இருந்தாரு. ஒருத்தராவது முன்னாடியே அந்த கால திருப்பி பாத்திருந்தா!

நம்ம மாதிரி தோல் இருக்கறவங்களுக்கு மெலனோமா வந்தா பெரும்பாலும் இந்த மாதிரி எடத்துலதான் வருது, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடில. பாப் மார்லிக்கு கால் கட்டவெரல் நகத்துக்கு அடில வந்துது, 1981ல 36 வயசுல செத்துப்போனாரு. இது வெயிலால வர்றதில்ல, அதனால எவ்ளோ சன்ஸ்க்ரீன் பூசினாலும் இத தடுக்க முடியாது, கண்ணால பாத்துதான் பிடிக்கணும். ஆரம்பத்துல வெட்டி எடுத்துட்டா கிட்டத்தட்ட எல்லாருமே பொழச்சுக்கறாங்க, பரவிட்டா ரொம்ப கஷ்டம். நமக்கு வர்றது கம்மி, ஆனா வர்றவங்களுக்கு லேட்டா கண்டுபிடிக்கறதாலதான் உயிர் போகுது.

அதனால மாசத்துக்கு ஒரு நாள், எண்ணெ தேச்சு குளிக்கற நாள்னு வெச்சுக்கோங்க, உச்சில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பாருங்க. கால் விரல் இடுக்கு, நகம், உள்ளங்கை எல்லாம். முதுகையும் தலையையும் வீட்டுல யாரையாவது பாக்க சொல்லுங்க. மச்சத்துல ஒரு பாதியும் மறுபாதியும் ஒத்துப்போகலயா, ஓரம் பிசிறா இருக்கா, ரெண்டு மூணு கலர் கலந்திருக்கா, பென்சில் பின்னாடி ரப்பர் அளவு, ஆறு மில்லிமீட்டர தாண்டிடுச்சா, மாசத்துக்கு மாசம் மாறுதா, இப்படி பாருங்க. மத்த மச்சம் எல்லாம் ஒரு ஜாடைல இருக்க ஒன்னு மட்டும் தனியா தெரிஞ்சாலும் காட்டிடுங்க. நகத்துல கருப்பு கோடு நம்மாளுங்களுக்கு பல விரல்ல இயல்பாவே இருக்கும், பயப்பட வேணாம். ஒரே ஒரு விரல்ல புதுசா வந்து, அகலமாயிட்டே போயி, நகத்த சுத்தி இருக்கற தோல்லயும் கருப்பு பரவுச்சுன்னா தள்ளிப்போடாதீங்க.

பழைய தீக்காய தழும்பு, ஆறாத புண்ணு, இதுலயும் நமக்கு கேன்சர் வரும். வேட்டி கட்டற எடத்துல இடுப்புல கேன்சர் வர்றத பத்தி இந்தியால 1945லயே டாக்டருங்க எழுதியிருக்காங்க. பாவாட நாடா இறுக்கி இறுக்கி அதே எடத்துல பல வருஷம் புண்ணாகி வர்றதும் அதே மாதிரிதான். சேல கட்டறதுல தப்பில்ல, நாடாவ அகலமா வெச்சு எடத்த மாத்தி மாத்தி கட்டுங்க. எந்த புண்ணும் ஒரு மாசம் தாண்டி ஆறலன்னா காட்டணும், வலிக்கலன்னாலும்.

மச்சத்துக்கும் மருவுக்கும் சுண்ணாம்பும் சோடாவும் கலந்து வெக்கறது, முடிய கட்டி அறுக்கறது, பார்லர்ல சுட்டு எடுக்கறது, இதுல எதுவும் பண்ணாதீங்க. சந்தேகப்பட்டத சுட்டுட்டா டெஸ்ட்டுக்கு அனுப்ப சதையே இருக்காது, உள்ள இருக்கறது அப்படியே வளரும்.

இங்க ஜிபியே லென்ஸ் வெச்சு பாத்து சொல்லிடுவாங்க, தேவன்னா சின்னதா சத எடுத்து அனுப்புவாங்க. ஊர்ல இருக்கற பெரியவங்கள தோல் டாக்டர்ட்ட கூட்டிட்டு போக சொல்லுங்க. போறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்துக்கோங்க, மூணு மாசம் முன்னாடி எப்படி இருந்துதுன்னு டாக்டர் கேட்டா காட்டலாம். கைலயும் கால்லயும் நெயில் பாலிஷ், மருதாணி இல்லாம போங்க, சாக்ஸ கழட்டி உள்ளங்காலையும் பாருங்க டாக்டர்னு நீங்களே கேளுங்க, கேக்கலன்னா பல பேர் பாக்க மாட்டாங்க.