பழைய லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற முடியுமா?

பெரும்பாலான லேப்டாப்களில் முடியாது. கிராஃபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். டெல் பிரிசிஷன் எம்6800 போன்ற பழைய வொர்க்ஸ்டேஷன்களிலும் (கனமான தொழில்முறை வேலைக்கான லேப்டாப்கள்) சில கேமிங் லேப்டாப்களிலும்தான் எம்எக்ஸ்எம் எனும் கழற்றக்கூடிய கார்டு இருக்கும். அதனால் கார்டு வாங்கும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

எம்எக்ஸ்எம் 3.0 கார்டில் இரண்டு அளவு உண்டு: ஏ வகை 82×70 மி.மீ., பி வகை 82×105 மி.மீ. எம்6800-இல் 75 வாட் என்விடியா குவாட்ரோ கே3100எம் கார்டு இருந்தால், 100 வாட் கே5100எம் வரை போகலாம். 240 வாட் அடாப்டர் அவசியம். அதற்கும் புதிய தலைமுறை கார்டு என்றால் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) ஏற்காமல் திரை கறுப்பாகவே நிற்கலாம்; அதே மாடலில் ஓடியதாக உறுதியான கார்டையே வாங்குங்கள்.

பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கார்டைச் சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்தித் திருகுங்கள்.

பலர் கோட்டைவிடுவது தெர்மல் பேடில்தான்; கார்டின் மெமரி சிப்கள் மேல் சூட்டைக் கடத்த வைக்கும் மெத்தென்ற பட்டை அது. பழைய பேடின் தடிமனை அளந்து அதே அளவில் வாங்குங்கள். 0.5 மி.மீ. இருந்த இடத்தில் 1 மி.மீ. வைத்தால் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் செம்புத் தகடு) தூக்கிக்கொள்ளும், கிராஃபிக்ஸ் சிப்பைத் தொடாது. சில நிமிடங்களில் சூடேறி வேகம் சரியும். சிப்பில் தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) தடவி, ஹீட்சிங்கின் திருகுகளைக் குறுக்குமறுக்காக முறுக்கி, ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சிப்பின் அச்சு செம்பில் முழுச் சதுரமாகப் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருந்தால் துடைத்துவிட்டு, புதிதாகப் பேஸ்ட் வைத்து மூடலாம்.