‘பார்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாளப் பழகுவது எப்படி?

பி, ஏ, ஆர் என்று மூன்றே எழுத்து. ஆனால் அகராதியில் இதற்கு அரைப் பக்கத்துக்குப் பொருள் போட்டிருப்பார்கள். வரிசையாக மனப்பாடம் செய்தால் தங்காது. இப்படிப் போய்ப் பாருங்கள் (இந்தப் ‘பார்’ நம்முடையது).

படி 1: கம்பியில் தொடங்குங்கள்

பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. அடிப்படைப் பொருள், விறைப்பான நீளக் கம்பு அல்லது கம்பி. சைக்கிள் ஹேண்டில்பார், கோல் கம்பத்தின் மேலே கிடக்கும் கிராஸ்பார் எல்லாம் இதுதான். ‘பிஹைண்ட் பார்ஸ்’ என்றால் சிறையில் இருப்பது. நாமும் ‘கம்பி எண்ணுகிறான்’ என்றுதானே சொல்கிறோம்! நீளக் கட்டியாக இருப்பதால் பார் சோப்பு, கோடு கோடாக இருப்பதால் பார்கோடு.

படி 2: கம்பைக் குறுக்கே போடுங்கள்

கோட்டைக் கதவுக்குப் பின்னால் கணைய மரம் போட்டால் யாரும் நுழைய முடியாது. அங்கிருந்து ‘தடை’ என்ற பொருள் வருகிறது. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்கிறதே, அந்த மணல் திட்டு ‘சேண்ட்பார்’. மது விற்பவருக்கும் குடிப்பவருக்கும் நடுவே கிடந்த பலகை பெயர் கொடுத்த இடம், உங்களுக்கே தெரியும்.

படி 3: வினைச்சொல்லாக எழுதிப் பழகுங்கள்

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘நுழையத் தடை’ என்று தமிழில் நினைத்து ‘பார்டு டு எண்டர்’ என்று எழுதிவிடுகிறோம். வினைக்குப் பின் ‘ஃப்ரம்’ வர வேண்டும், அதற்கடுத்த வினையில் ஐ.என்.ஜி. சேர வேண்டும்: ‘ஹி வாஸ் பார்டு ஃப்ரம் எண்டரிங் த ஹால்.’ பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் ‘டு’ சரி: ‘ஏஜ் இஸ் நோ பார் டு லேர்னிங்.’

இறந்தகாலத்தில் ஆர் இரண்டு. ஒன்றை விட்டுவிட்டால் அது ‘பேர்டு’ ஆகிவிடும். நாய் பல்லைக் காட்டியது என்பதற்கு வரும் வேறு சொல் அது. இப்போது ‘தேர்வு எழுதத் தடை விதிக்கப்பட்ட மாணவர்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ‘எ ஸ்டூடண்ட் பார்டு ஃப்ரம் ரைட்டிங் த எக்ஸாம்’ என்று வந்ததா? மேலே போகலாம்.

படி 4: கோர்ட்டுக்குள் வாருங்கள்

இங்கிலாந்தில் சட்டக் கூடத்தின் குறுக்கே ஒரு மரத் தடுப்பு இருந்தது. அதன் அருகே நின்று வாதாடும் உரிமை பெறுவதுதான் ‘கால்டு டு த பார்’. லண்டனில் இன்னர் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கத்தில் காந்தி அப்படி பாரிஸ்டர் ஆனது 1891 ஜூனில். தடுப்பின் பெயர் நாளடைவில் வழக்கறிஞர் கூட்டத்துக்கே ஆகிவந்தது. ஆகவே நீதிபதிகள் ‘பெஞ்ச்’, வக்கீல்கள் ‘பார்’. இந்திய பார் கவுன்சில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி அமைந்தது.

வக்கீல் ஆபீசில் இன்னொன்றும் காதில் விழும்: ‘டைம் பார் ஆயிடுச்சு.’ கேட்டதும் திருப்பித் தரவேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் வரவு எழுதிக் கையெழுத்தும் வாங்காமல் விட்டவர்கள் கேட்கும் வசனம் இது.

படி 5: ‘தவிர’ என்ற பொருள்

‘ஆல் பார் ஒன்’ என்றால் ஒருவரைத் தவிர எல்லோரும். பேச்சில் நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. கிரிக்கெட் செய்தியில் ‘பாரிங் ரெயின்’ வந்தால் ‘மழை குறுக்கிடாவிட்டால்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஒட்டாததைத் தனியே வையுங்கள்

அழுத்தத்தை அளக்கும் ‘பார்’ இந்தக் குடும்பமே இல்லை. எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1 பார் என்பது 1,00,000 பாஸ்கல். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1.013 பார். பங்க்சர் கடையில் டயர் காற்றுக்கு ‘32 வைங்க’ என்பது பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கு. மீட்டரில் பார் மட்டும் இருந்தால் 2.2 வைக்கச் சொல்லுங்கள்.