சைக்கிள் பிரியருக்குப் பரிசா? முதலில் அவர் வண்டியருகே பத்து நிமிடம் உட்காருங்கள்

ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கினால் அக்காவிடமிருந்து எனக்கு போன் வந்துவிடும். “தம்பி, உன் அத்தானுக்கு என்ன வாங்கித் தரலாம், சொல்லு. சைக்கிளுக்கு ஆகிற மாதிரி இருக்கணும். ஆனா வாங்கறது அவருக்குத் தெரியக் கூடாது.” நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். அத்தான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, ஒரு ஈரத்துணியும் செல்போனும் எடுத்துக்கொண்டு அவர் வண்டியருகே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வா அக்கா. என்ன வாங்குவது என்பதைப் பாதிக்கு மேல் வண்டியே சொல்லிவிடும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இருபது வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். ஒருமுறை நண்பர் ஒருவர் ஆசையாக ஸ்பேர் டியூப் வாங்கித் தந்தார். சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் அதைப் போட்டு வைத்திருந்தேன். பல மாதம் கழித்து, வீட்டிலிருந்து ரொம்ப தூரத்தில் பின் சக்கரம் பஞ்சர். டயரைப் பிரித்து, பழைய டியூபை உருவிவிட்டு, புதியதை எடுத்தால் அதன் வால்வு தடிமனாக இருக்கிறது. என் ரிம்மில் இருந்த துளை 6.5 மி.மீ. அந்த வால்வுக்கு ஏறக்குறைய 8.5 மி.மீ. துளை வேண்டும். எப்படி அழுத்தினாலும் நுழையாது. இருட்டும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நண்பர் மேல் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து யார் என்னிடம் சைக்கிள் பரிசு பற்றிக் கேட்டாலும் அளவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறேன்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டைத் துணியால் துடையுங்கள். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்வாக அடியுங்கள். ரப்பரிலேயே புடைத்து நிற்கும் எழுத்துகள் அப்போதுதான் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். 700×28சி, 26×1.95 போன்ற எண்கள் முதலில் கண்ணில் படும். அவற்றை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். அருகிலேயே சின்ன எழுத்தில், நடுவில் கோடு போட்டு, 28-622 என்பது போல இன்னொன்று இருக்கும். அதுதான் நமக்கு வேண்டும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டர் கணக்கு.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 26 அங்குலம் என்று சொல்லப்படும் டயர்களிலேயே மலைப்பாதை வண்டிக்கானது 559, பழைய பாணி வண்டிகள் பலவற்றுக்கானது 590. பெயர் ஒன்று, ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் பொருந்தவே பொருந்தாது. இதற்கு நேர்மாறாக 700சி என்பதும் 29 அங்குலம் என்பதும் கேட்கத்தான் வேறு, இரண்டுக்கும் விட்டம் 622. அகலம்தான் மாறும். ஆகவே அந்த எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே வால்வையும் பாருங்கள். மெலிந்து, உச்சியில் சின்னத் திருகோடு இருந்தால் அது பிரெஸ்டா. கார் டயரில் இருப்பது போலத் தடியாக இருந்தால் ஷ்ரேடர். பழைய வண்டிகளில் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்கு டன்லப் வால்வு என்று பெயர். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப்பின் பெயர்தான் அது. கெட்டி ரப்பர் சக்கரத்தில் மகனின் மூன்று சக்கர வண்டி தடதடக்கிறதே என்று, 1887இல் அவர் காற்றடைத்த ரப்பர் குழாயை அதில் மாட்டினார். அடுத்த வருடம் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். தாம்சன் என்பவர் 1840களிலேயே இதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார், ஆனால் அது அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. இன்று நாம் காற்றில் மிதந்து போவது ஓர் அப்பா தன் பிள்ளைக்குச் செய்துகொடுத்த வேலையின் தொடர்ச்சி என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கடைசியாக, பின் சக்கரத்தில் எத்தனை பல்சக்கரங்கள் என்று எண்ணுங்கள். எட்டா, பத்தா, பன்னிரண்டா என்பதைப் பொறுத்துத்தான் செயினும், செயினைக் கோக்கும் கொக்கியும் அமையும். ஒன்றே ஒன்றுதான் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

யாருக்கும் தயங்காமல் வாங்கித் தரக்கூடியது

தரையில் நிறுத்தி, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்துகிற பெரிய பம்ப். அழுத்தம் காட்டும் மீட்டர் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். பிரெஸ்டா, ஷ்ரேடர் இரண்டிலும் மாட்டுகிற தலையாகப் பாருங்கள். இதைவிட நல்ல பரிசை நான் இன்னும் பார்க்கவில்லை. டியூபிலிருந்து காற்று தானாகவே மெல்ல மெல்லக் கசியும். மெல்லிய டயர் என்றால் வாரத்துக்கு ஒரு தடவையாவது அடிக்க வேண்டும். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு “சரியா இருக்கு” என்பவர்கள் நிறைய. காற்றழுத்தத்தை அளக்கும் பி.எஸ்.ஐ. கணக்கில் 60க்கும் 90க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. காற்று குறைந்த டயரோடு ஒரு குழியில் இறங்கினால் டியூப் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். மீட்டர் பார்த்துக் காற்றடிக்கிறவருக்கு இது அநேகமாக வராது.

இதற்கு அடுத்து எனக்குப் பிடித்தது, நாமே சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற பஞ்சர் பை. கடையில் மொத்தமாகக் கட்டி விற்பதை அப்படியே வாங்காதீர்கள். சரியான அளவில் ஒரு டியூப், டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இரண்டு, ஒட்டுத்துண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், மடக்குக் கருவி ஒன்று, கைக்கு அடக்கமான சின்ன பம்ப். மடக்குக் கருவியில் 4, 5, 6 மி.மீ. அலன் கீ (அறுகோணச் சாவி) இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் நட்சத்திர வடிவ டி25 முனையும் இருக்கட்டும். சக்கரம் நட்டு போட்டு முறுக்கியதாக இருந்தால் ஸ்பேனர் இல்லாமல் அந்தப் பையால் பிரயோஜனமே இல்லை. பெரும்பாலும் 15 மி.மீ. நட்டுதான், ஆனாலும் அளந்து பார்த்து வாங்குங்கள்.

சொல்யூஷன் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருமுறை திறந்துவிட்ட சொல்யூஷன் எவ்வளவு இறுக மூடினாலும் உள்ளே காய்ந்துபோகும். அவசரத்துக்கு எடுத்துப் பிதுக்கினால் காற்றுதான் வரும். அதனால் பெரிய டியூப் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன டியூப் மூன்று நான்காக வாங்கி வையுங்கள். பரிசு பெறுகிறவர் ஒட்டிப் பழகாதவராக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை செய்து காட்டுங்கள். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் மங்கலாக வர வேண்டும். ஒட்டுத்துண்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாகச் சொல்யூஷனை மெல்லப் பூச வேண்டும். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. ஈர மினுமினுப்பு அடங்கும் வரை சில நிமிடம் காத்திருந்து, துண்டின் ஒட்டும் பக்கத்தில் விரல் படாமல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். சரியாக ஒட்டினால் டியூபின் ஆயுளுக்கும் அது அப்படியே இருக்கும். என்னிடம் ஐந்து ஒட்டுப் போட்ட டியூப் ஒன்று இன்னும் ஓடுகிறது.

விளக்கு, ஹெல்மெட், பூட்டு

விளக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாம் மற்றவர் கண்ணுக்குத் தெரிவதற்கு. மற்றது, நமக்குப் பாதை தெரிவதற்கு. தெருவிளக்கு உள்ள வழியில் மட்டும் போகிறவருக்கு முதல் வகை போதும். இருட்டுச் சாலையில் போகிறவர் என்றால் முன் விளக்கின் ஒளி அளவு 400 லூமென்ஸாவது இருக்கட்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பின் விளக்கு எங்கே மாட்டப் போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டைத் தாங்கும் குழாய் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கும் வண்டிகளில் சில பட்டைகள் பிடிப்பதில்லை. அவருடைய செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும் விளக்காக இருந்தால் தினமும் பயன்படும். தனி வயர் வேண்டும் என்றால் அந்த வயர் தொலையும் நாளோடு விளக்கும் மூலைக்குப் போய்விடும்.

ஹெல்மெட்டுக்குத் தலைச்சுற்றளவு வேண்டும். புருவத்துக்குக் கொஞ்சம் மேலே டேப்பைச் சுற்றி சென்டிமீட்டரில் எடுப்பது வழக்கம். ரகசியம் காக்க முடியாவிட்டால் பரவாயில்லை, அவரிடமே கேட்டுவிடுங்கள், இதில் ரகசியத்தைவிட அளவு முக்கியம். யாரோ பயன்படுத்திய ஹெல்மெட்டை மட்டும் வாங்கித் தராதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை ஒரே ஓர் அடியைத் தாங்கத்தான். அடி வாங்கியபின் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம். தன் ஹெல்மெட்டோடு ஒருமுறை விழுந்து எழுந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், வேறெதையும் யோசிக்க வேண்டாம், புதிய ஹெல்மெட்தான் பரிசு.

பூட்டு என்றால் கடினமாக்கிய எஃகில் செய்த யு வடிவப் பூட்டு. மெல்லிய கம்பி வடத்தை வெட்ட நொடிகள் போதும்.

வேண்டாம் என்று நான் சொல்பவை

சீட்டு, ஷூ, பெடல். மூன்றும் உடம்பு வண்டியைத் தொடுகிற இடங்கள். உட்காரும் எலும்புகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் வேறு. உங்களுக்கு மெத்தென்று தெரியும் சீட்டு, அவருக்கு இரண்டு மணி நேரத்தில் வலியாகிவிடும். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ரக ஷூவிலும் அடியில் இரண்டு திருகு போடுவது, மூன்று திருகு போடுவது என்று உண்டு, பெடலோடு ஒத்துப்போக வேண்டும். இவற்றுக்கு ஆசைப்பட்டால் அவரையே அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சைக்கிள் படம் போட்ட கோப்பை, சாவிக்கொத்து எல்லாம் அழகுதான். அவற்றைத் தனியாகத் தராமல் ஒரு பாட்டில் செயின் எண்ணெயோடு சேர்த்துத் தாருங்கள். தூசி அதிகமுள்ள வழியில் போகிறவருக்கு உலர் ரகம், மழையில் போகிறவருக்கு ஈர ரகம். கூடவே பழைய பருத்தித் துணி கொஞ்சம் மடித்து வையுங்கள், எண்ணெய் விட்டபின் மிஞ்சியதைத் துடைத்தெடுப்பதுதான் செயினைக் காப்பாற்றும்.

எல்லாம் வைத்திருப்பவருக்கு

தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டுகிறவர் என்றால் செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோல் ஒன்று வாங்குங்கள். கைக்கு அடக்கமான இரும்புத் தகடுதான். செயின் 0.5 சதவீதம் நீண்டுவிட்டதா, 0.75 சதவீதமா என்று உடனே காட்டும். பதினொன்று, பன்னிரண்டு பல்சக்கர வண்டிகளில் 0.5 காட்டும்போதே மாற்றிவிடுவது நல்லது. தள்ளிப் போட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும். கார்பன் பாகம் உள்ள வண்டி வைத்திருப்பவருக்கு, எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். பல பாகங்களில் 5 நியூட்டன் மீட்டர் என்பது போல எழுதியே இருக்கும். அதற்கு மேல் முறுக்கினால் கார்பன் விரிசல் விட வாய்ப்புண்டு, விரிசல் சில சமயம் கண்ணுக்கும் தெரியாது.

நாள் தவறாமல் ஓட்டியும் வண்டியைக் கவனிக்க நேரமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, பிரேக் கட்டை, பிரேக் கம்பி, கம்பி ஓடும் உறை மூன்றையும் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிரேக்கை ஒரு விரலால் இழுத்துப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வருவதைப் பார்க்க வேண்டும்.

போன தடவை அக்கா ஈரத்துணியோடு உட்கார்ந்து எனக்கு ஏழு போட்டோ அனுப்பியிருந்தார். ஐந்தாவது போட்டோவில் பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து, ஓரிடத்தில் உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. பம்ப் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டு இரண்டு டயர் வாங்கினோம். விடுமுறையன்று இரவு அக்கா கூப்பிட்டார். “பெட்டியைப் பிரிச்சதும் அவர் ஒண்ணும் பேசலடா. டயரைத் தூக்கிட்டு நேரா வண்டிகிட்ட போய்க் குனிஞ்சு நம்பரை ஒத்துப் பாத்தார். அப்புறம் திரும்பி, ‘முப்பத்திரண்டு அறுநூத்தி இருபத்திரண்டு, உனக்கு யார் சொன்னா?’ன்னு கேட்டார். நானே படிச்சேன்னு சொன்னேன்.”